பின் சீட்டில் இடமில்லை

என் மகள் எங்கே பிறந்தாள் என்று கேட்டால், காரைக்குடி ஆஸ்பத்திரியில் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். அவள் பிறந்தது ஒரு கறுப்பு அம்பாசடர் காரின் பின் சீட்டில். காரை ஓட்டியவன் நான்தான். நான் குடிக்கிறவன் இல்லை. கனவையும் நனவையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவனும் இல்லை. அவளுக்கு இப்போது ஒன்பது வயது. அன்றைக்கு நடந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் சேவுகன். சொந்த ஊர் சிங்கம்புணரிப் பக்கம். 1969-ஆம் வருஷம் சித்திரையில் கண்டரமாணிக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக்கு டிரைவராக வந்து சேர்ந்தேன். முதலாளி குடும்பம் மதராசில். வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வருவார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டவர் குமரப்பன் என்று அவர்களுக்குத் தூரத்து உறவு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் எப்போதும் சாவிக்கொத்து. அந்த வீட்டில் அரிசிப் பானை திறக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டின் பின்கட்டுக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டி இரண்டு சின்ன வீடுகள். ஒன்றில் நானும் என் மனைவி பொன்னுத்தாயியும். இன்னொன்றில் ஆயி அக்காவும் அவர் வீட்டுக்காரர் சின்னக்கருப்பு அண்ணனும். அக்கா வீட்டு வேலை, அண்ணன் தோட்ட வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் எதிரே கார் கொட்டகை. கனத்த தேக்குக் கதவு. வெளியே பெரிய பூட்டு.

எனக்கு முன்னால் இருந்த டிரைவர் ஏன் போனான் என்று கேட்டேன். சொல்லாமல் போய்விட்டான் என்றார் குமரப்பன். அக்காவிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தக் காரில் சில விஷயங்கள் எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரி நான் சாத்திவிட்டுப் போன பின்கதவு, காலையில் கொட்டகையைத் திறந்தால் லேசாகத் திறந்திருக்கும். பூட்டு பூட்டினபடிதான் இருக்கும். கத்திரி வெயிலில்கூடப் பின் சீட்டு ஈரமாக இருக்கும். துடைத்தால் கை பிசுபிசுக்கும். ஒரு கவிச்சி வாடை வரும். பெருச்சாளி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று சீட்டைக் கழற்றியே பார்த்தேன். ஒன்றும் இல்லை. சீட்டு மட்டும் புதுசு. மற்றதெல்லாம் பழசு.

குமரப்பன் கொட்டகைப் பக்கம் வரவே மாட்டார். காரைத் தெருவாசலுக்குக் கொண்டுவரச் சொல்வார். என் பக்கத்தில் முன்னால்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சிக்கனக்காரர், பெருமை இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னுத்தாயிக்கு அது இரண்டாவது பேறு. மூத்தவன் பிறந்தது மாமியார் வீட்டில். அப்போது நான் லாரியில் வடக்கே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவனுக்குத் தலை நின்றிருந்தது. அந்தக் குறை எனக்கு இருந்தது. இந்தத் தடவை கூடவே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மாமியார் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கிடந்ததால், இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டிலேயே என்று ஆனது. மூத்தவனை மட்டும் சிங்கம்புணரிக்கு அனுப்பிவிட்டோம்.

ஐப்பசி. மூன்று நாளாக அடைமழை. அன்று மத்தியானம் வலி எடுத்தது.

இரண்டாவது பிள்ளை, சட்டென்று ஆகிவிடும் என்று அக்கா தைரியம் சொன்னார். பொழுது சாய்ந்தது. ஆகவில்லை. மருத்துவச்சியைக் கூப்பிடப் போன சின்னக்கருப்பு அண்ணன் நனைந்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தார். அந்த அம்மா வேறு ஊருக்குப் போயிருக்கிறாராம். உள்ளே இருந்து வந்த அக்காவின் முகம் சரியில்லை.

"தம்பி, பிள்ளைக்குக் காலு முன்னாடி வருது. நம்மால ஆகாது. காரைக்குடிக்குக் கொண்டுபோயிரு."

"வண்டி?"

"மாட்டு வண்டியில போனா வழியிலயே போயிரும். காரைக் கேளு." சொல்லிவிட்டு அக்கா என் கையைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார். "என்ன சொன்னாலும் கேளு. கால்ல விழுந்து கேளு."

ஓடினேன்.

கரண்ட் இல்லை. முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒரு அரிக்கேன் விளக்கு. அதன் பக்கத்தில் குமரப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நடு முற்றத்தில் மழை கொட்டியது. விஷயத்தைச் சொன்னேன்.

"காரா? எதுக்கு? வண்டியைப் பூட்டச் சொல்லு."

"கண்மாய்த் தண்ணி ரோட்டுல ஓடுதுங்கய்யா. மாடு எறங்காது."

"அப்பக் கெடக்கட்டும். உலகத்துல பொம்பளைக பிள்ளை பெறாமலா இருக்காளுக? விடிஞ்சா மழை வெறிச்சிரும். அப்பப் பாப்போம்."

"விடியற வரைக்கும் தாங்காதுய்யா."

"சீட்டு பாழாப் போயிரும்டா. உங்கப்பனா மாத்திக் குடுப்பான்?"

காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். சாவிக்கொத்தை மடியில் இன்னும் ஆழமாகச் செருகினார். உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் அவர் கழுத்தை நெரித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருந்தது. கை அதற்குத் தயாராகவே எழுந்துவிட்டது.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது.

கொட்டகையில் இருந்து. நீளமாக. ஒரே ஒரு தடவை.

குமரப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"கொட்டகையில யாரு?"

"யாரும் இல்லைங்கய்யா. பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்டதான் இருக்கு."

மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை நிற்கவில்லை. வலியில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி, நீண்டுகொண்டே போனது... பிறகு சட்டென்று நின்றது.

பின்கட்டுக் கதவு தானாகத் திறந்தது. காற்று என்றுதான் நினைத்தேன். விளக்குச் சுடர் அசையவில்லை.

வளவின் ஆத்தங்குடிக் கல்தரையில் ஒரு ஈரத் தடம் விழுந்தது. பெண் கால். சின்னக் கால்.

அடுத்து இன்னொன்று.

இன்னொன்று.

ஆள் இல்லை. தடம் மட்டும் வந்தது. காலை அகட்டி வைத்து, வயிற்றுப் பிள்ளைக்காரி நடக்கிற நடை. தண்ணீர் மட்டும் இல்லை அது. விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

குமரப்பனுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

அவர் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு வேட்டியில் ஒழுகியது. துடைக்கவில்லை. மடியில் இருந்து சாவிக்கொத்தை எடுத்து, என்னைப் பார்க்காமலே நீட்டினார்.

"எடு."

அந்தக் குரலை எப்படிச் சொல்வது... யாரோ பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொல்ல வைத்த மாதிரி இருந்தது.

பயப்படக்கூட எனக்கு நேரம் இல்லை. என் பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிறாள். சாவியை வாங்கிக்கொண்டு ஓடினேன். கொட்டகையைத் திறந்தேன். சுவிட்சைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மழைநாளில் அரைமணி நேரம் அடம் பிடிக்கிற வண்டி அது.

நானும் அண்ணனும் பொன்னுத்தாயியைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அக்கா துணிமூட்டையோடு ஏறுவதற்கு ஒரு காலை உள்ளே வைத்தார்.

வைத்த காலை எடுத்துவிட்டார்.

"ஏறுங்கக்கா!"

"எடம் இல்லை தம்பி."

"என்னக்கா சொல்றீக? இம்புட்டு எடம் கெடக்கு!"

"பின்னாடி எடம் இல்லை. நீ போ. பயப்படாமப் போ." அவர் கண் நிறைந்திருந்தது. துணிமூட்டையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

முன்கதவு திறந்தது. குமரப்பன் ஏறி உட்கார்ந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

கிளம்பும்போது அண்ணன் கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டை அமுக்குவது தெரிந்தது. வண்டிச் சாவியும் கொட்டகைச் சாவியும் ஒரே கொத்தில்தான் கிடந்தன. கொத்து என்னிடம் இருந்தது.

மழை. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. வண்டி கனமாக இழுத்தது. நாலைந்து பேர் ஏறின கனம். பின்னால் பொன்னுத்தாயி முனகிக்கொண்டே வந்தாள். திடீரென்று முனகல் நின்றது.

"ம்... சரிக்கா."

"தாயி, யாருகிட்டப் பேசுற?"

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. அக்கா இருக்காக."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் மட்டும்தான் தெரிந்தாள். ஆனால் அவள் தலை சீட்டில் படவில்லை. உயர்ந்திருந்தது. ஒரு மடி அளவுக்கு உயரம்...

"பின்னாடி பாக்காதடா," என்றார் குமரப்பன். "பாக்காத."

அவரைத் திரும்பிப் பார்த்தேன். நேராக ரோட்டைப் பார்த்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வெள்ளைச் சட்டையின் தோளில் நான்கு விரல் ஈரம். பின்னால் இருந்து ஒரு கை பிடித்திருக்கிற மாதிரி. நான் பார்க்கும்போதே அந்த ஈரம் அழுந்தியது. சட்டைத் துணி சுருங்கியது.

"விட்டுரு," என்று முனகினார். "விட்டுரு ஆத்தா..."

என்னிடம் சொல்லவில்லை.

கண்மாய்த் தண்ணீர் ரோட்டை மறித்து ஓடியது. முழங்கால் ஆழத்துக்கு மேலே இருக்கும். எந்த வண்டியும் அதில் இறங்கினால் நின்றுவிடும். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. தரையில் போகிற மாதிரிப் போனது. அக்கரை ஏறியது.

குன்றக்குடி தாண்டினோம். மானகிரி வரும்போது பொன்னுத்தாயி ஒரு அலறல் அலறினாள்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மழைகூட.

அப்புறம்... ஒரு சின்ன வீறல். என் மகள்.

அதற்குப் பின்னால் இன்னொரு அழுகை. பெரிய பெண்ணின் அழுகை. காதோரமாக, மெதுவாக, ஆசை தீர அழுகிற அழுகை.

நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது சுவர்க் கடிகாரத்தில் ஏழரை. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். பொன்னுத்தாயியையும் பிள்ளையையும் இறக்கினோம். தொப்புள்கொடி முறையாகக் கட்டி அறுத்திருந்தது. கட்டியிருந்தது ஒரு கண்டாங்கிச் சேலையின் கிழிசல். அப்படி ஒரு சேலை எங்கள் வீட்டில் கிடையாது.

"காலு முன்னாடி வந்த பிள்ளையா? யாரு பாத்தது? நல்ல கை," என்றார் பெரிய நர்ஸ்.

உள்ளே போகும்போது குமரப்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்கதவுப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சேவுகா... கதவு தொறக்க மாட்டேங்குது."

"இந்தா வாரேன்யா." சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பொன்னுத்தாயியைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடி என்றார்கள். பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். மூத்தவனை நான் அப்படிப் பார்க்கவில்லை. இவள் கண்ணைத் திறக்காமல் வாயைக் கோணினாள். என் விரலை இறுக்கிப் பிடித்தாள். எல்லாம் மறந்து போனது. அழுதுவிட்டேன்.

"அந்த அக்காவை உள்ள கூப்பிடுங்க," என்றாள் பொன்னுத்தாயி.

"எந்த அக்கா?"

"என்னை மடியில வச்சுக்கிட்டு வந்தாகளே. அவுகளையே நனைச்சுவிட்டுட்டேன். முகம் சுளிக்கலை. எறங்கயில சொன்னாக, 'நீ பிள்ளையோட போ. நான் இவரைக் கூட்டிக்கிட்டுப் போறேன்'னு."

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.

கார் இல்லை.

மடியைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது.

வாசலில் காவல் இருந்தவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். "இப்பத்தானேப்பா போச்சு."

"யாரு ஓட்டுனது?"

"டிரைவர் பக்கம் யாரையும் பாத்ததா ஞாபகம் இல்லை. ஒருத்தரு பின் சீட்டுல இருந்தாரு. கண்ணாடியைப் போட்டுத் தட்டிக்கிட்டே போனாரு."

குமரப்பனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அன்று ராத்திரி மழையில் எங்கும் போக முடியவில்லை. காலையில் கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து, தண்ணீர் வடியாத இடத்தில் இறங்கி நடந்து, கண்டரமாணிக்கம் வந்து சேர்ந்தேன். வெயில் அடித்தது. ஆயி அக்கா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். என்ன பிள்ளை என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "மகராசியா இருக்கட்டும்," என்றார்.

"ஐயா வந்தாரா?"

"அவரு உன்னோட தானே வந்தாரு?"

கொட்டகை பூட்டியிருந்தது. அண்ணன் அமுக்கிவிட்ட அதே பூட்டு. என் மடியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்தேன்.

கார் உள்ளே நின்றது.

டயரில் சேறு இல்லை. மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பின்கதவு லேசாகத் திறந்திருந்தது.

குமரப்பன் பின் சீட்டில் மல்லாந்து கிடந்தார். முழங்கால் இரண்டும் மடங்கி, அகன்று... பிள்ளை பெறுகிற பெண் கிடக்கிற மாதிரி. வாயில் தன் வேட்டி முனையையே கடித்திருந்தார். கண் திறந்திருந்தது. கை விரல்களில் நகம் இல்லை.

நகம் தேக்குக் கதவில் இருந்தது. கதவின் உள்பக்கம் முழுக்கப் பிறாண்டல். ரத்தம் காயாத புதுப் பிறாண்டல்.

அதற்குக் கீழே, வார்னிஷ் அடித்து மறைத்த பழைய பிறாண்டல்கள். சின்னக் கையால் பிறாண்டியவை.

போலீஸ் வந்தது. என்னை நாள் முழுக்கக் குடைந்தார்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள். நான் ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தேன் என்று நர்ஸ்கள் சொன்னார்கள். ஆயி அக்காவிடமும் அண்ணனிடமும் கேட்டார்கள்.

"சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

"மழையில என்னத்தய்யா கேக்கும்?" என்றார் அக்கா.

மாரடைப்பு என்று முடித்தார்கள். மதராசிலிருந்து முதலாளி வந்து காரியம் செய்துவிட்டுப் போனார். காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பொன்னுத்தாயி பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலை. ஆயி அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, என் மகளைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பொன்னுத்தாயி உள்ளே வெந்நீர் எடுக்கப் போயிருந்தாள். நான் கேட்டேன். "அன்னைக்குக் கார்ல ஏறாம நின்னீகளே. யாரைப் பாத்தீக?"

அக்கா உள்வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"முத்தழகை."

எனக்கு முன்னால் டிரைவராக இருந்த செம்மலையின் பெண்டாட்டி. நாங்கள் இருந்த அதே வீட்டில் இருந்தவள். அதற்கு முந்தின வருஷம் நிறைமாசம். செம்மலையை ஏதோ சாமான் வாங்க மதுரைக்கு அனுப்பியிருந்த அன்று அவளுக்கு வலி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு டிரைவர் வந்து ஓட்டத் தயாராக இருந்திருக்கிறார். குமரப்பன் காரைத் தர முடியாது என்றுவிட்டார். கொட்டகை திறந்து கிடந்திருக்கிறது. முத்தழகு தானே நடந்து போய்ப் பின் சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டாள். படுத்துவிட்டால் இறக்கிவிட மாட்டார் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

"வந்து பாத்தாரு தம்பி. சீட்டெல்லாம் தண்ணியாப் போயிருந்துச்சு. 'அந்த நாத்தத்துலயே கெட, உன் புருஷன் வந்து கழுவட்டும்'னு கதவைச் சாத்திப் பூட்டிட்டாரு. சாவியை மடியில வச்சுக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போயிட்டாரு. திரும்பி வாரையில பிள்ளை அழுகுற சத்தம் கேட்டுச்சு. உசிரோட பெத்திருக்கா. நான் காலைப் பிடிச்சேன். தொறங்கய்யா, பிள்ளை அழுகுதுன்னேன். 'பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூனை கத்துது. போய்ப் படு'ன்னாரு. எங்க வீட்டுக்காரரு கடப்பாரையை எடுத்தாரு. வேலையும் வீடும் போயிரும்னு நான்தான் தடுத்தேன். விடியக் கருக்கல்ல அழுகை நின்னுபோச்சு. செம்மலை வந்துதான் ரெண்டு பொணத்தையும் வெளியில தூக்குச்சு."

அக்கா பிள்ளையின் கையை நீவி விட்டார். கால்களை நீவி விட்டார்.

"நீ காரைக்குடி போயிருந்த அன்னைக்கு ராத்திரியும் கொட்டகையில சத்தம் கேட்டுச்சு தம்பி."

"போலீஸ்ல கேக்கலைன்னு சொன்னீக?"

"கேட்டுச்சு. கதவைப் போட்டு இடிச்சாரு. 'ஆயி, தொறடி... சின்னக்கருப்பு, தொறடா'ன்னு பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்துனாரு. அத்தனை மழையிலயும் நல்லாவே கேட்டுச்சு. இவரு எந்திரிச்சுக் கடப்பாரையைக் கையில எடுத்துட்டாரு."

"நீங்க?"

"பூனை கத்துது, படுங்கன்னேன்."

சொல்லிவிட்டு அக்கா என் மகளைக் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார்.